முனையச் சர்வருக்கு வட்டு தேர்ந்தெடுத்தல்

முனையச் சர்வர் மெதுவாகும்போது பழி பெரும்பாலும் நெட்வொர்க்கின் மேல்தான் விழுகிறது. வட்டைச் சந்தேகிப்பவர்கள் குறைவு. பள்ளிக் கணினி ஆய்வகத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழக அரசுப் பள்ளிகளில் 6,029 ஹைடெக் ஆய்வகங்கள் திட்டமிடப்பட்டன. உயர்நிலைப் பள்ளிக்கு 10 கணினிகள், மேல்நிலைப் பள்ளிக்கு 20. பாலக்கோடு போன்ற ஊர்களில் இந்த அளவிலான ஓர் ஆய்வகம் ஒரே சர்வரை நம்பி இயங்கினால், பாடவேளை தொடங்கும் மணியடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்நுழைவார்கள். வட்டுக்கு உண்மையான சோதனை அந்த இரண்டு மூன்று நிமிடங்கள்தான்.

உள்நுழைவின்போது ஒவ்வொருவருக்கும் அமைப்புக் கோப்புகள், எழுத்துருக்கள், உலாவியின் தற்காலிகச் சேமிப்பு என்று நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் திறக்கப்படுகின்றன. அவை வட்டின் வெவ்வேறு மூலைகளில் கிடப்பவை. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கிறது. படிக்கும் முனை இடம்பெயரும் நேரமும் இதனுடன் சேர்வதால், நொடிக்கு ஏறத்தாழ 80 சிதறிய கோரிக்கைகளுக்குத்தான் அதனால் பதில் சொல்ல முடியும். நான்கு டெராபைட் வட்டானாலும் எட்டு டெராபைட் வட்டானாலும் இந்த எண் பெரிதாக மாறாது. அரவைப் பருவத்தில் சர்க்கரை ஆலையின் முற்றத்தை எவ்வளவு அகலப்படுத்தினாலும், எடைமேடை ஒன்றே ஒன்றாக இருக்கும்வரை கரும்பு லாரிகளின் வரிசை குறையாது. கொள்ளளவை மட்டும் பார்த்து வாங்கும் வட்டின் கதையும் அதுதான்.

பல வட்டுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டு முறை இங்கே தனிக் கவனம் கேட்கிறது. 1988-இல் பெர்க்லியின் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவரும் முன்வைத்த இந்த முறையில் பல வகைகள் உண்டு. ரெய்டு 5-இல் ஒரு சிறு எழுதும் கோரிக்கைக்கு நான்கு வட்டுச் செயல்கள் தேவை: பழைய தரவைப் படி, பழைய சமநிலைத் தரவைப் படி, இரண்டையும் புதிதாக எழுது. எனவே நான்கு வட்டுகள் சேர்ந்தும் நொடிக்கு 80 எழுதும் கோரிக்கைகள்தான் நிறைவேறும். அதாவது ஒற்றை வட்டின் வேகம். அதே நான்கை, எதையும் இரு வட்டுகளில் மட்டும் எழுதும் ரெய்டு 10-இல் அமைத்தால் 160. இடம் மிச்சமாகிறதே என்று ரெய்டு 5-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

சாதாரண எஸ்எஸ்டியே நொடிக்குப் பல்லாயிரம் கோரிக்கைகளைத் தாங்கும். ஆகவே இரண்டு எஸ்எஸ்டிகளை, ஒன்றின் நகல் மற்றொன்றில் இருக்கும்படி ரெய்டு 1-ஆக இணைத்து, இயங்குதளத்தையும் பயனர் கோப்புகளையும் அங்கே வைப்பதே சிறிய ஆய்வகத்துக்கு ஏற்றது. ஹார்ட் டிஸ்க் காப்புப்பிரதிக்குப் போதும். அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில், மின்தடையின்போது எழுதிக்கொண்டிருப்பதைக் காக்கும் மின்தேக்கி உள்ள எஸ்எஸ்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவு ஆகாது.

ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் மெய்நிகராக்கத்துக்கு லினக்ஸ் கெர்னலில் 2007 முதல் இடம்பெற்றிருக்கும் கேவிஎம் போதுமானது. அதன் மேல் அமைந்த பிராக்ஸ்மாக்ஸ் நிர்வாகத்தை எளிதாக்குகிறது. பயனர்கள் உள்நுழையும் முனையச் சர்வர் ஒரு மெய்நிகர் கணினியிலும், கோப்புகளும் கணக்குகளும் மற்றொன்றிலும் இருந்தால், முதலாவது பழுதானாலும் மாணவர்களின் வேலை தப்பும். மெய்நிகர் வட்டுக்கு விர்ட்டியோ இயக்கியே தேர்வாக இருக்க வேண்டும். பழைய ஐடிஇ வட்டைப் போல நடிக்கும் இயக்கி வேகத்தைத் தின்றுவிடும். இருக்கும் ரேமைவிட அதிகமாகப் பங்கிட்டால் சுமை மீண்டும் வட்டின் தலையில் இறங்கும். ஸ்னாப்ஷாட்டுகள் மூல வட்டிலேயே தங்குவதால் அவற்றைக் காப்புப்பிரதியாகக் கொள்ளக்கூடாது. புதுப்பிப்புக்கு முன் எடுத்தவற்றை, அந்த வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம்.

நல்ல அமைப்பும் கவனிப்பாரற்றுப் போனால் கெடும். ரெய்டில் ஒரு வட்டு செயலிழந்தபின்னும் சர்வர் ஓடிக்கொண்டேயிருக்கும். சிவப்பு விளக்கு எரிவதைப் பூட்டிய அறைக்குள் யாரும் பார்ப்பதில்லை. இரண்டாவது வட்டும் போகும் நாளில் ஒரு கல்வியாண்டின் உழைப்பு காணாமல் போகிறது. வட்டுப் பிழை நேர்ந்ததும் பொறுப்பாசிரியருக்கு மின்னஞ்சல் போகும்படி அமைப்பதும், பருவத்துக்கு ஒருமுறை காப்புப்பிரதியிலிருந்து ஒரு மெய்நிகர் கணினியை மீட்டு இயக்கிப் பார்ப்பதும் சர்வரை நிறுவும் பணியைச் சேர்ந்தவையே.