உங்களுக்குத் தெரியுமா? ஆறடிச் சுவர் ஆபீஸ்

சிகாகோ நகரின் மையத்தில், ஜாக்சன் சாலையும் டியர்பார்ன் தெருவும் கூடும் முனையில் நிற்கிறது மொனாட்னாக் கட்டடம். அதன் வடபாதியை 1891-ல் கட்டி முடித்தார்கள். மொத்தம் 16 மாடி. தரைமட்டத்தில் வெளிச்சுவரின் கனம் 6 அடி. சுவருக்குக் குறுக்கே ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம்!

★ அவ்வளவு கனம் எதற்கு? நம்மூரில் வீடு கட்டப் போனால் "லோடு பேரிங்கா, பில்லரா?" என்று மேஸ்திரி கேட்பார் இல்லையா? இது லோடு பேரிங். உள்ளே இரும்புத் தூண்கள் உண்டு; ஆனால் வெளிச்சுவரின் மேல் விழும் பாரம் முழுவதும் செங்கல்லின் தலையில்தான். மாடி ஏற ஏற, அடிச்சுவர் தடித்துக்கொண்டே போகும். உச்சியில் அதே சுவர் வெறும் ஒன்றரை அடி.

★ இதே சிகாகோவில் 1885-லேயே, உலோகச் சட்டத்தின் மேல் நின்ற ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் வந்துவிட்டது. ஆனாலும் மொனாட்னாக்கின் முதலாளிகளான பாஸ்டன்காரர்கள், பீட்டர் புரூக்ஸும் ஷெப்பர்ட் புரூக்ஸும், செங்கல்லையே கேட்டு வாங்கினார்கள்.

★ அந்தக் காலத்துப் பெரிய கட்டடம் என்றால் பூவேலை, சிற்பம், விளிம்புக்கு விளிம்பு அலங்காரம் இருக்கும். இதில் எதுவும் கிடையாது. காரணம் கலைத் தத்துவம் அல்ல, புறா! வெளியே எது துருத்தினாலும் அழுக்கு சேரும், புறாவும் குருவியும் கூடு கட்டும் என்று பீட்டர் புரூக்ஸ் கறாராக எழுதிவிட்டார். பால்கனிக்கு வலை அடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் சென்னை அபார்ட்மென்ட்வாசிகளுக்கு இந்த மனுஷரைப் பிடித்துப்போகும்.

வடிவமைத்த ஜான் வெல்பார்ன் ரூட் அலங்காரப் பிரியர். அவர் விடுமுறையில் போயிருந்தபோது, கூட்டாளி டேனியல் பர்ன்ஹாம் மொட்டையான வரைபடம் ஒன்றைப் போடச் சொல்லிவிட்டாராம். திரும்பி வந்த ரூட் முதலில் முகம் சுளித்தார்; பிறகு அந்த மொட்டையிலேயே அழகைத் தேடத் தொடங்கினார். எகிப்தியக் கோயில் வாசல்களின் சாய்ந்த சுவர் அவர் மனத்தில் புகுந்துகொண்டது. அடியில் அகன்று, உள்வாங்கி ஏறி, உச்சியில் மறுபடி லேசாக விரிகிறது சுவர். மூலைகளும் ஏற ஏற மழுங்குகின்றன. அந்த வளைவுகளுக்கென்றே தனி அச்சில் செங்கல் வார்த்தார்கள். கட்டி முடிந்ததைப் பார்க்க ரூட்டுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1891 ஜனவரியில் நிமோனியா அவரைக் கொண்டுபோனது. வயது 41.

★ உள்ளே மாடிப்படிகளில் வார்ப்பு அலுமினியம். இன்று சமையலறைப் பாத்திரம்தானே என்று தோன்றும். அன்று அது புதுமையான, விலை உயர்ந்த சரக்கு. கட்டட வேலையில் அலுமினியம் புகுந்த மிக ஆரம்பகால இடங்களில் இதுவும் ஒன்று.

★ தென்பாதியை வடிவமைத்தது வேறு கம்பெனி: ஹோலபர்ட் அண்ட் ரோச். 1893-ல் முடிந்தது. இரண்டே வருட இடைவெளியில் காலம் மாறிவிட்டது. இங்கே பாரம் சுமப்பது எஃகுச் சட்டம், செங்கல் அதன் மேல் போர்த்திய சட்டை. செலவு குறைவு, எடை குறைவு, வாடகைக்கு விட இடமும் அதிகம். ஆறடிச் சுவர் விழுங்கும் இடத்துக்கு யார் வாடகை தருவார்கள்? 'சிகாகோ பாணி' என்ற கட்டடக்கலையின் முன்பாதியையும் பின்பாதியையும் ஒரே நடைபாதையில் நடந்தே பார்த்துவிடலாம். (அதே 1893-ல், இங்கிருந்து பத்து நிமிட நடையில்தான் விவேகானந்தர் சர்வசமய மாநாட்டில் பேசினார்.)

★ சிகாகோவின் அடிமண் இளகிய களிமண். கட்டடம் 8 அங்குலம் அமுங்கும் என்று கணக்குப் போட்டே கட்டினார்கள். அது 1905-க்குள்ளேயே கணக்கைத் தாண்டிவிட்டது. 1940-களில் 20 அங்குலத்தைத் தொட்டது. பொதுவாகப் பெரிய ஆபீஸுக்குள் படியேறிப் போவோம். இங்கே தெருவிலிருந்து ஒரு படி இறங்க வேண்டும்.