பூந்தண்டு விடுதல்

பூந்தண்டு விடுதல் என்பது, இலைக்காகவோ கிழங்குக்காகவோ வளர்க்கப்படும் காய்கறிச் செடி, இலை வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு நடுத்தண்டை விரைவாக நீட்டிப் பூக்கத் தொடங்குவதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இதனைக் கீரை முற்றிவிட்டது, பூ வைத்துவிட்டது என்பர். இது நோய் அன்று. செடியின் வாழ்க்கைச் சுழற்சியில் இயல்பான ஒரு கட்டம் ஆகும். வீட்டுத் தோட்டங்களில் இவ்வாறான செடிகள் பெரும்பாலும் பிடுங்கி எறியப்படுகின்றன. ஆயினும், பெரும்பாலான செடிகளில் உண்ணத்தக்க உறுப்பு மாறுகின்றதே அன்றி, செடி முழுவதும் வீணாவதில்லை.

தமிழ்ப் பெயர்களே இதற்குச் சான்றாகும். விதைத்து ஏறத்தாழ 25 நாட்களுக்குள் வேரோடு பறிக்கப்படுவது முளைக்கீரை. அதுவே மேலும் வளர்ந்து தண்டு தடித்தபின் தண்டுக்கீரை. இலையாகப் பறித்தால் கொத்தமல்லித் தழை. காய்த்து உலர்ந்தால் மல்லி அல்லது தனியா.

காரணங்கள்

செடியின் வயது, பகற்பொழுதின் நீளம், வெப்பநிலை ஆகியன முதன்மைக் காரணங்கள். நீர்ப் பற்றாக்குறை, நெருக்கமான நடவு, வேர் குலைதல் ஆகியனவும் பூத்தலை விரைவுபடுத்தக்கூடும்.

பகல் நீளத்துக்கும் பூத்தலுக்கும் உள்ள தொடர்பை 1920 ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு ஆகியோர் விளக்கினர். தண்டு நீள்வதில் ஜிப்பரெலின் என்னும் வளர்ச்சி ஊக்கி பெரும்பங்கு வகிக்கின்றது. நெல் நாற்றுகளை அளவுக்கு மீறி உயரச் செய்யும் ஒரு பூஞ்சையை ஆராய்ந்த சப்பானிய அறிவியலாளர் குரோசாவா, 1926 ஆம் ஆண்டில் அப்பூஞ்சை சுரக்கும் பொருளே அதற்குக் காரணம் எனக் காட்டினார். அப்பொருளே பின்னர் ஜிப்பரெலின் எனப் பெயர் பெற்றது.

பூக்கத் தொடங்கியதும் இலைகளில் உள்ள உணவுப்பொருள் பூவுக்கும் விதைக்கும் செல்கின்றது. தண்டில் நார் மிகுகின்றது. பல செடிகளில் இலை சிறுத்துக் கசப்பு ஏறுகின்றது.

கடமலைக்குண்டுப் பகுதியில்

தேனி மாவட்டத்தின் கடமலைக்குண்டு, வருசநாட்டு மலைகளுக்கு இடையே மூல வைகை ஆற்றங்கரையில் உள்ள ஊர். அருகிலுள்ள கம்பம் பள்ளத்தாக்கு, 1895 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரைப் பெறுகின்றது. மூல வைகைப் பள்ளத்தாக்குக்கு அந்நீர் வருவதில்லை. கோடையில் ஆறு வறண்டுவிடுவதால் தோட்டங்கள் கிணற்று நீரையே நம்பியுள்ளன.

இவ்வூர் ஏறத்தாழ 10 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்தைச் சற்றே கடந்த வேறுபாடுதான் உண்டு. எனவே கொத்தமல்லி போன்றவை மாசி, பங்குனி மாதங்களில் விரைவில் பூப்பதற்கு வெப்பமும் நீர்க் குறைவும் முக்கியக் காரணங்களாகின்றன. பல வாரங்கள் கிணற்று நீர் இறைத்து வளர்த்த செடியை எறிவது, அந்த நீரையும் சேர்த்து எறிவதாகும்.

உணவுப் பயன்பாடு

தண்டுக்கீரை: ஒடித்தால் நார் இழுக்காமல் ஒடியும் தண்டு சமையலுக்கு ஏற்றது. மேல்தோலை நாரோடு உரித்து, விரலளவு துண்டுகளாக்கிச் சாம்பார், புளிக்குழம்பு, கூட்டு ஆகியவற்றில் சேர்க்கலாம். இளம் பூங்கதிரை இலையோடு சேர்த்துப் பொரியல் செய்யலாம்.

முள்ளங்கி: பூத்த செடியின் கிழங்கு நெட்டியாகிவிடும். பூவும் இளங்காயும் உண்ணத்தக்கவை. வட இந்தியாவில் இக்காய்கள் மோங்ரே என்னும் பெயரில் காய்கறியாகவே விற்கப்படுகின்றன. நகம் எளிதில் இறங்கும் பருவத்தில் பறித்துப் பொரியல் அல்லது ஊறுகாய் செய்யலாம்.

கொத்தமல்லி: இலைகள் நூல்போல் பிளவுபட்டு மெலியும். பச்சைக் காய்களைத் துவையலில் அரைக்கலாம். எஞ்சியவற்றை முற்றவிட்டு மல்லியாக உலர்த்தலாம்.

வெந்தயம்: பூத்தபின் இலையில் கசப்பு மிகும். நுனித் தழையை மட்டும் கிள்ளிக்கொண்டு, மற்றதை விதைக்கு விடுவது வழக்கம்.

வெங்காயம்: உள்ளீடற்ற பூந்தண்டை, மொட்டின் உறை வெடிக்குமுன் ஒடித்துப் பொரியல் செய்யலாம். யாழ்ப்பாணத்தில் இத்தகைய தேங்காய்ப்பூ சேர்த்த பொரியல் வறை எனப்படும். தண்டு விட்ட வெங்காயத்தின் நடுவே கெட்டியான குருத்து உருவாவதால் அது நெடுநாள் தாங்காது. முதலில் பயன்படுத்த வேண்டும்.

புளிச்சைக்கீரை: நுனி இலைகள் பூக்கும் காலத்திலும் துவையலுக்கு உதவும். முற்றிய தண்டில் இருந்து புளிச்சநார் எடுக்கப்படுகின்றது.

கவனிக்க வேண்டியவை

கீரைகளில் ஆக்சலேட்டு உள்ளது. முற்றிய இலைகளை வேகவைத்து நீரை வடித்தால் அது குறையும். சிறுநீரகக் கல் உடையோர் மருத்துவரின் அறிவுரையைப் பெறுதல் நன்று. நேர்த்தி செய்யப்பட்டு நிறம் ஏற்றப்பட்ட கடை விதைகள் விதைப்பதற்கு மட்டுமே, அவற்றை உண்ணலாகாது.

விதை எடுத்தல்

முதலில் பூத்த செடியை உண்டு, கடைசியில் பூத்த செடியை விதைக்கு விட வேண்டும். முந்திப் பூத்த செடியில் இருந்தே ஆண்டுதோறும் விதை எடுத்தால், முந்திப் பூக்கும் இயல்பே அவ்விதைகளில் பெருகிவிடும். எளிதாகக் கிடைப்பது முந்திய விதையே என்பதால் இத்தவறு அடிக்கடி நேர்கின்றது.

தண்டுக்கீரையின் மகரந்தம் காற்றாலும், முள்ளங்கியின் மகரந்தம் தேனீக்களாலும் பரவுகின்றது. ஆகவே அருகில் வேறு வகை பூத்திருந்தால் கலப்பு ஏற்படலாம். ஆசிய முள்ளங்கி வகைகள் சமவெளியிலேயே விதை தரும். ஐரோப்பிய வகைகள் பூக்கக் குளிர் தேவை. அவற்றின் விதை மலைப்பகுதிகளில் உற்பத்தி செய்யப்படுகின்றது.

கதிர் அல்லது காய் பழுப்பானதும் அறுத்து, நிழலில் உலர்த்தி, தட்டிப் புடைத்து, ஈரமில்லாத கலத்தில் வைக்க வேண்டும். மல்லி என்பது உண்மையில் இரு விதைகள் அடங்கிய கனி ஆகும். விதைக்குமுன் அதனைத் தேய்த்து இரண்டாக உடைப்பதன் காரணம் இதுவே.