தரங்கம்பாடி: வண்டியை நிறுத்திட்டு நடங்க!

தரங்கம்பாடி போறீங்களா? 1792-ல் கட்டிய நகர வாயிலிலேயே வண்டியை ஓரங்கட்டிடுங்க. உள்ளே ராஜ வீதியில் மெதுவா நடந்தாலே கொஞ்ச நேரத்தில் கடல் வந்துடும்.

வழியில் 1701-ல் கட்டிய சீயோன் தேவாலயம், 1718-ன் புதிய எருசலேம் தேவாலயம். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்குவின் கல்லறை இரண்டாவதில்தான் இருக்கு. வீதி முடியும் இடத்தில், தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-ல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை.

பலரும் இதோடு திரும்பிடுறாங்க. நீங்க அப்படியே கரையோரமா நடங்க. கோட்டையைவிட 300 ஆண்டுகள் மூத்த மாசிலாமணி நாதர் கோயில் அங்கேதான் இருக்கு. 1306-ல் பாண்டியர் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோயிடுச்சு. மிச்சம் இருப்பதை இப்பவே பார்த்துடுங்க.