உங்களுக்குத் தெரியுமா? இருபதைத் தாண்டியும் கால் பழகும்!

மதுரையில் 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், பரதத்துக்கு முன் பழகியது பாலே! ருஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டிதான் ஆசிரியை. அப்போதே ருக்மிணிக்கு இருபது வயது கடந்திருந்தது. பரதத்தில் மேடையேறியது 1935-இல், 31 வயதில்.

பாலேயில் விரல் நுனியில் நிற்பது ஷூ செய்யும் வித்தை அல்ல. கெண்டைக்கால், கணுக்கால், பாதத்தின் சிறு தசைகள், இடுப்பு, வயிறு எல்லாம் சேர்ந்து உடலைத் தாங்க வேண்டும். அதனால் பெரியவர்கள் வெறுங்காலிலேயே பயிற்சியைத் தொடங்கலாம்: பிடிமானத்தை லேசாகத் தொட்டபடி குதிகாலை மெல்ல உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்குவது.

செட்டிநாட்டு வீடு என்றால், வளவுத் (முற்றத்துத்) தூண் இதற்கு நல்ல பிடிமானம். ஆனால் தரையிலுள்ள ஆத்தங்குடிக் கல் வழுக்கும். காலுறையோடு மட்டும் முயலாதீர்கள்.