கடல் சூடேறினால் மீன் ஏன் குறைய வேண்டும்?

நீரின் அடர்த்தி ஆகக் கூடுவது 4 பாகை செல்சியஸில். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த பெரும்பாலானோருக்கு இந்த வரி மனப்பாடம். ஆனால் இது நன்னீருக்கு மட்டுமே பொருந்தும். கடலில் நடப்பது வேறு. கரையோரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் என்ற வகையில் இதை எழுதுகிறேன். ஏனெனில் இது பாடப்புத்தகத்தோடு முடிகிற விடயம் அல்ல. பல குடும்பங்களின் வருமானத்தோடு சம்பந்தப்பட்டது.

உப்பு கலந்திருப்பதால், கடல்நீர் உறையும் வரை, அதாவது சுமார் மறை 1.8 பாகை வரை, குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டே போகிறது. கிறீன்லாந்தை அண்டிய கடலிலும் அந்தாட்டிக்காவைச் சுற்றியும் இவ்வாறு கனத்த நீர் ஆழத்துக்கு இறங்கி, எல்லாச் சமுத்திரங்களின் அடியிலும் மெதுவாகப் பரவுகிறது. இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ 1000 ஆண்டுகள் எடுக்கும்.

ஆகவேதான் எங்கள் கடலின் மேல்நீர் 28 பாகையளவில் இருக்க, ஆழ்கடலின் அடியில் 2 பாகையளவான குளிர்நீர் கிடக்கிறது. இரண்டையும் மேலே எடுத்து நிறுத்தால், குளிர்நீர் கன மீற்றருக்குச் சுமார் 6 கிலோகிராம் கூடுதலாக இருக்கும். சிறிய வித்தியாசம்தான். ஆனால் சூடான நீர் ஒரு மூடியைப் போல மேலே மிதக்க அது போதும்.

இங்கேதான் மீன் வருகிறது. மீனின் உணவுச் சங்கிலி கண்ணுக்குத் தெரியாத நுண் தாவரங்களில் தொடங்குகிறது. அவற்றுக்கு வெளிச்சமும் பசளையும் வேண்டும். வெளிச்சம் மேலே, பசளை கீழே. மூடி திறந்தால்தான் இரண்டும் சேரும்.

தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் எங்கள் தென்கரையில் அது நடக்கிறது. காற்று மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ள, கீழேயுள்ள குளிர்நீர் பசளையோடு மேலெழுகிறது.

பூமியில் மேலதிகமாகச் சேரும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் அதிகமானதைச் சமுத்திரங்களே உறிஞ்சுகின்றன. மேல்நீர் சூடேற ஏற அடர்த்தி வித்தியாசம் கூடும். அதே காற்றால் மூடியை முன்போல் கிளற முடியாது. மேற்கு இந்து சமுத்திரத்தில் கடந்த ஆறு தசாப்தங்களில் இந்த நுண் தாவரங்கள் 20 சதவீதம் வரை குறைந்திருக்கலாம் என 2016 இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது.

மீன் குறைவதற்கு அளவுமீறிய பிடிப்பும் தடைசெய்யப்பட்ட வலைகளும் காரணம்தான். கடலின் சூட்டை எங்கள் ஊர் மீனவர் தனியே குறைக்க முடியாது. ஆனால் விளைச்சல் குறையும் வயலில் விதைநெல்லையும் அள்ளித் தின்பவர் எவரும் இல்லை. குஞ்சு மீனை விட்டுவைப்பது முன்னெப்போதையும் விட இன்று அவசியமாவது இதனால்தான்.