பெட்டிக்குள் இருக்கும் பொதுச் சொத்து

ரஞ்சன்காவில் ஆலை வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளின் சாதனங்களுக்குள்ளே உலகமே சேர்ந்து எழுதிய சாஃப்ட்வேர் ஓடுகிறது. அதைப் பார்க்கவும் திருத்தவும் உரிமை உண்டு. கேட்பவர்கள்தான் குறைவு.

புனேயிலிருந்து அகில்யாநகர் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கி.மீ. தூரத்தில் இருக்கிறது ரஞ்சன்காவ். அஷ்ட விநாயகர் தலங்களில் ஒன்றான மகாகணபதி கோயில் இங்கே இருப்பதால் வெளியூர்க் கூட்டம் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் ஷிப்டுக்கு ஷிப்டு பஸ்களில் வந்து இறங்கும் கூட்டம் வேறு வகை. மகாராஷ்டிர தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டை அவர்களை இழுக்கிறது. நொய்டாவுக்கு அடுத்தபடியாக எல்.ஜி. இந்தியாவில் அமைத்த இரண்டாவது ஆலை இங்கேதான். வேர்ல்பூலின் ஃப்ரிட்ஜ் ஆலையும் இருக்கிறது. டாடாவும் ஃபியட்டும் கூட்டாக நடத்திய கார் தொழிற்சாலையிலிருந்து 2017இல் ஜீப் காம்பஸ் வெளிவரத் தொடங்கியது.

இரும்பு, பிளாஸ்டிக், கண்ணாடி ஆகியவை கண்ணுக்குத் தெரியும் சரக்கு. தெரியாத சரக்கு சாஃப்ட்வேர். எல்.ஜி. டி.வி.க்களை இயக்கும் வெப்ஓஎஸ், 2021இல் புதுப்பிக்கப்பட்ட காம்பஸின் டாஷ்போர்டு திரையை இயக்கும் ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே: லினக்ஸ். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் பொழுதுபோக்காக எழுத ஆரம்பித்தது அது. அமெரிக்கா சூப்பர் கம்ப்யூட்டர் தர மறுத்ததால் புனேயின் சி-டாக் சொந்தமாக பரம் 8000 இயந்திரத்தை உருவாக்கியதும் அதே 1991இல்தான். அன்று இரண்டுக்கும் சம்பந்தமில்லை. 2017 நவம்பரில் வெளியான பட்டியலில் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடின.

லினக்ஸுக்கு விலை கிடையாது. ஆனால் நிபந்தனை உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த ஜி.பி.எல். என்ற உரிமத்தின் இரண்டாவது பதிப்பின்கீழ் அது வழங்கப்படுகிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்று லாபமும் பார்க்கலாம். ஆனால் விற்பவர், புரோகிராமர்கள் எழுதிய மூல நிரலையும் கூடவே தர வேண்டும். அல்லது கேட்டால் தருவதாக மூன்று ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் எழுத்து மூலமான உறுதி தர வேண்டும். கம்பெனி விலையாகத் தருவது பணமல்ல, இந்த வாக்குறுதிதான். எல்.ஜி. இதற்கென்றே தனி இணையதளம் வைத்திருக்கிறது. டி.வி.யின் செட்டிங்ஸ் பட்டியலில் ஒரு மூலையில் உரிம அறிவிப்பு இருக்கும். அதைத் திறந்து பார்க்கும் வீடுகள் அபூர்வம்.

வெப்ஓஎஸ் பிழைத்த கதையே இந்த ஏற்பாட்டின் பலத்துக்கு உதாரணம். பாம் நிறுவனம் 2009இல் தன் செல்போனுக்காக அதை வெளியிட்டது. போன் தோற்றது. 2010இல் ஹியூலெட் பேக்கார்ட் கம்பெனியை வாங்கி டேப்லெட்டில் போட்டுப் பார்த்தது. 2011 ஜூலையில் கடைக்கு வந்த டேப்லெட்டை ஆகஸ்டிலேயே கைவிட்டது. வழக்கமாக இத்தகைய சாஃப்ட்வேர்கள் ஏதாவதொரு அலமாரியில் போய்ச் சேரும். ஆனால் ஹியூலெட் பேக்கார்ட் 2012இல் வெப்ஓஎஸ்ஸின் நிரலைப் பொதுவில் வைத்தது. 2013இல் எல்.ஜி. அதை விலைக்கு வாங்கி, மறு ஆண்டே டி.வி.யில் ஏற்றியது. 2018இல் எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த பதிப்பொன்றையும் தானே வெளியிட்டது. இரண்டு கம்பெனிகள் கைகழுவிய பொருள் மூன்றாவது கம்பெனியின் முக்கியச் சரக்கானது.

சாதாரண டி.வி. ரசிகருக்கு இதனால் என்ன? 2013இல் பிரிட்டனைச் சேர்ந்த ஒருவர் தன் வீட்டு எல்.ஜி. டி.வி. இணையத்துக்கு என்ன அனுப்புகிறது என்று கண்காணித்தார். வெப்ஓஎஸ்ஸுக்கு முந்தைய மாடல் அது. தகவல் சேகரிக்கும் வசதியை நிறுத்தி வைத்த பிறகும், பார்த்த சேனலின் பெயரை அது அனுப்பிக்கொண்டிருந்தது. கம்பெனி தவறை ஒப்புக்கொண்டு, திருத்திய சாஃப்ட்வேர் தருவதாக அறிவித்தது. 2015இல் அமெரிக்காவில் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரு ஆய்வாளர்கள் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை எங்கோ உட்கார்ந்துகொண்டு இணையம் வழியாகக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். கம்பெனி 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. இரண்டிலும் உள்ளே நடப்பதை வெளியாட்கள் மெனக்கெட்டுத் தோண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

திறந்த நிரலில் ஓட்டையே இருக்காது என்று சொல்ல முடியாது. 2014இல் அம்பலமான ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை, உலகெங்கும் பல வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த ஒரு திறந்த சாஃப்ட்வேரில் இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. வித்தியாசம் அதற்குப் பிறகுதான். நிரல் கையில் இருந்ததால் யாருடைய தயவுக்காகவும் காத்திராமல் அடைக்க முடிந்தது. மூடிய பெட்டியில், தயாரித்தவர் மனம் வைக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

உரிமையைக் கேட்டு வாங்கினால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2003இல் லின்க்சிஸ் நிறுவனத்தின் வீட்டு ரூட்டர் ஒன்றில் லினக்ஸ் இருப்பதைப் புரோகிராமர்கள் கண்டுபிடித்தார்கள். மூல நிரல் எங்கே என்று விடாமல் கேட்டார்கள். கம்பெனி வெளியிட வேண்டியதாயிற்று. அந்த நிரலை ஆதாரமாக வைத்து 2004இல் பிறந்த ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்ற சாஃப்ட்வேர், கம்பெனிகள் கைவிட்ட எத்தனையோ மாடல் ரூட்டர்களுக்கு மறுவாழ்வு கொடுத்தது.

சிக்கல் வேறொரு இடத்தில் முளைத்தது. நிரலைத் தருவார்கள், ஆனால் திருத்திய நிரலை ஏற்ற முயன்றால் சாதனம் ஏற்காது. கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இருந்தால்தான் அது ஓடும். சமையல் குறிப்பைக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பூட்டிய மாதிரி. இதைத் தடுக்க 2007இல் ஜி.பி.எல். மூன்றாவது பதிப்பு வந்தது. டோர்வால்ட்ஸ் சம்மதிக்கவில்லை. லினக்ஸ் பழைய பதிப்பிலேயே இருக்கிறது. பூட்டின் விலை என்ன என்பதை எல்.ஜி. செல்போன்களே காட்டின. ஒரு காலத்தில் ரஞ்சன்காவிலும் தயாரான அந்த போன்களின் வியாபாரத்தை 2021இல் கம்பெனி மூடியது. சில மாடல்களின் பூட்டைத் திறக்க அது நடத்திவந்த சேவையும் அந்த ஆண்டு டிசம்பரோடு முடிந்தது. அதற்குள் சாவி வாங்காதவர்களுக்குத் தாங்களாகவே புது சாஃப்ட்வேர் ஏற்றும் நேர்வழி அடைபட்டது. போனில் கோளாறு எதுவும் இல்லை.

டி.வி. வாங்கியவரே மூல நிரலைக் கேட்டு வழக்குப் போட முடியுமா? சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமெரிக்க அமைப்பு விஸியோ டி.வி. கம்பெனிமீது 2021 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் தொடுத்த வழக்கின் மையம் இந்தக் கேள்விதான். நிரலை எழுதியவர்கள் என்ற முறையில் அல்ல, வெறும் வாடிக்கையாளர் என்ற முறையில் அது கேட்டது. விசாரணைக்குப் போகாமலே வழக்கை முடித்துவிட விஸியோ செய்த முயற்சி 2023 டிசம்பரில் பலிக்கவில்லை.

இந்தியாவில் விவாதம் பழுதுபார்க்கும் உரிமை என்ற பெயரில் வந்தது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. டிசம்பரில் தனி இணையதளம் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: விவசாயக் கருவிகள், செல்போனும் டேப்லெட்டும், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள். இவற்றில் கடைசி இரண்டும் ரஞ்சன்காவ் ஆலைகளின் அன்றாட வேலை. உதிரி பாகமும் கையேடும் கிடைத்தால் மட்டும் போதாது. ஃப்ரிட்ஜின் மோட்டாரை மாற்றத் தெரிந்த மெக்கானிக், அதை இயக்கும் நிரலுக்கு முன்னால் கைகட்டி நிற்க நேர்ந்தால் அந்த உரிமை பாதி உரிமைதான்.

தொழிற்பேட்டைக்கும் இதில் பங்கு உண்டு. 2022இல் மத்திய அரசு ரஞ்சன்காவில் ரூ.492.85 கோடி செலவில், 297 ஏக்கரில் எலெக்ட்ரானிக்ஸ் உற்பத்தித் தொகுப்புக்கு அனுமதி கொடுத்தது. நிலமும் சாலையும் மின்சாரமும் வந்தால் ஆலை வரும். ஆனால் வேறொரு நாட்டில் எழுதிய நிரலைப் பெட்டியில் ஏற்றி, மூடி, ஸ்டிக்கர் ஒட்டுவது மட்டுமே வேலையானால், அடுத்த மாநிலம் கூடுதல் சலுகை தந்தவுடன் அந்த வேலை கிளம்பிவிடும். நிரலைப் படித்து மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கும் ஊரை விட்டுக் கிளம்புவது கடினம். அதற்கான பாடப்புத்தகம் காசில்லாமல் கிடைக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. இதை சிப் அளவிலேயே செய்து காட்டியது. யாரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பை எடுத்து சக்தி என்ற பிராசஸரை வடிவமைத்தது. 2018இல் அது சிலிக்கானில் தயாராகி லினக்ஸையும் இயக்கியது.

புனே வட்டாரத்து ஐ.டி.ஐ. ஒன்றோ பாலிடெக்னிக் ஒன்றோ பழைய ரூட்டரையோ டி.வி.யையோ மேஜைமேல் வைத்து, அதன் மூல நிரலை இறக்கி மாணவர்களைப் படிக்கச் சொல்ல எந்த கம்பெனியின் அனுமதியும் தேவையில்லை. அந்த அனுமதி ஏற்கெனவே உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.