தோட்டத்துப் பெண்ணுக்கும் வாக்கா?

இலங்கைப் பெண்கள் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர், அந்த இயக்கம் உருப்பெறுமுன்பே இனப் பாகுபாட்டை அனுபவித்தவர். இணுவிலில் அமெரிக்க மிஷன் பெண்களுக்கென எழுப்பிய வைத்தியசாலையில் பணியாற்றுவதற்காக 1896இல் கனடாவிலிருந்து அனுப்பப்பட்டவர் டொக்டர் மேரி அர்வின். வரும் வழியில், நியூயோர்க்கில், எஸ். சி. கே. இரட்ணம் என்ற இலங்கைத் தமிழரை மணந்துகொண்டார். மிஷன் இதைப் பொறுக்கவில்லை. அவருக்கு அந்தப் பணி இல்லாமற் போயிற்று. ஆண்டவன் முன் எல்லோரும் சமம் என்று போதித்தவர்களுக்குக் கலியாணம் என்று வந்ததும் நிறம் கண்ணில் பட்டது. கொழும்பில் வைத்தியராக நிலைகொண்ட மேரி இரட்ணம், 1909இல் தமிழ் மாதர் சங்கத்தையும் 1930இல் கிராமத்துப் பெண்களுக்காக லங்கா மகிளா சமிதியையும் தொடங்க முன்னின்றார்.

1927இல் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்திலும் அவர் இருந்தார். அதன் தலைமை பெரும்பாலும் கொழும்பின் வசதி படைத்த குடும்பத்துப் பெண்களிடம். படித்தவர்களுக்கும் சொத்துள்ளவர்களுக்கும் மட்டும் வாக்குக் கேட்டாற் போதும் என்ற எண்ணமும் அங்கே இருந்தது. தோட்டத்தில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று, அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழு கேட்டபோது, அவர்களும் பெண்கள்தானே என்று பதில் சொன்னவர் செயலாளர் அக்னஸ் டி சில்வா. பறங்கியரான அவர் சிங்களவரை மணந்து உறவினரின் ஏளனத்துக்கு ஆளானவர். அந்தப் பதில் அவரிடமிருந்து வந்ததில் வியப்பில்லை.

1931இல் 21 வயது நிரம்பிய பெண்களுக்கு வாக்குக் கிடைத்தது. ஆனால் தோட்டத் தொழிலாளருக்கு வதிவிட நிபந்தனைகள் குறுக்கே நின்றன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. கொழுந்து பறித்தவள் பெண்ணாக வென்ற உரிமையை இனத்தால் இழந்தாள்.

பெண்கள் இயக்கத்தில் பாலியல்பு பற்றிய பேச்சு மிகவும் பிந்தியே வந்தது. ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு முதலில் ஆண்களையே குறித்தது. 1995இல் அதை நீக்குவதற்குப் பதிலாகப் பெண்களையும் உள்ளடக்கும்படி திருத்தினார்கள். சட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இப்படியும் ஒரு சமத்துவம்! பெண்ணுரிமைக் கூட்டங்களில் பலகாலம் கூச்சத்தோடு ஒதுக்கப்பட்ட இந்த விடயத்தை, தன்பால் விருப்புள்ள பெண்கள் 1999இல் தமக்கென ஓர் ஆதரவுக் குழுவை அமைத்து முன்வைத்தனர். அப்பிரிவு பெண்களின் உரிமையை மீறுகிறது என்று பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2022இல் தீர்மானித்தது. அப்பிரிவை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் அறிவித்தது.